நாலு வயதுப் பிள்ளையிடம் "எது வேணும்?" என்று கேட்கலாமா?

வைகைக்கரை அம்மா (ஞாயிறு, இரவு 10.12)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வைகாசியில் என் தங்கை கல்யாணம். பையனுக்குச் சட்டை எடுக்க இன்று மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். நாலு வயது முடிந்துவிட்டதே, அவனே எடுக்கட்டும் என்று எனக்கு ஓர் ஆசை. "தங்கம், எது வேணுமோ எடுத்துக்கோ" என்றேன். கடைத் தம்பி குஷியாகி இருபது சட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டார். முதலில் மஞ்சள் என்றான். நீலத்தைப் பார்த்ததும் அதை இழுத்தான். திரும்ப மஞ்சள். அப்புறம் கார் படம் போட்ட ஒன்று. கடைசியில் தரையில் உட்கார்ந்து "எனக்கு எதுவுமே வேணாம்" என்று ஒரே அழுகை. ஒன்றும் வாங்காமல் ஆளுக்கொரு ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டுத் திரும்பினோம். ஜிகர்தண்டா மட்டும் எல்லாரும் ஒரே மனதாக எடுத்த முடிவு.

வீட்டில் அத்தை சொன்னது: "பால் மணம் மாறாத புள்ளைகிட்டப் போயி அபிப்பிராயம் கேட்டா அது என்னத்தச் சொல்லும்? நீங்களா ஒண்ண எடுத்து மாட்டி விட்டிருக்கலாம்ல."

அதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம், பிளஸ் டூ குரூப், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வரைக்கும் அப்பாதான் முடிவு செய்வார். எனக்கு 31 வயது. இன்றைக்கும் ஒரு சேலை எடுக்கக் கடையில் நின்று தங்கைக்கு வீடியோ கால் போடுகிறேன். என் பையன் இப்படி ஆகிவிடக் கூடாது. முடிவெடுக்கச் சொல்லித்தர முடியுமா? முடியும் என்றால் எங்கே ஆரம்பிப்பது?

மேலூர் டீச்சரம்மா (ஞாயிறு, இரவு 11.05)

இருபது சட்டையைப் பிரித்துப் போட்டால் எனக்கே அழுகை வரும்மா. தப்பு பிள்ளை மேல் இல்லை. இரண்டு காட்டியிருக்க வேண்டும். மீறிப்போனால் மூன்று.

நான் மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி பணியாளர், 17 வருடமாக. எங்களுக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பாடத்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். பாட்டு, கதை, விளையாட்டு என்று நல்லாவே போகும். ஆனால் விளையாட்டு நேரத்தில் நான்தான் "நீ மணலுக்குப் போ, நீ கட்டை அடுக்கு" என்று பிரித்து அனுப்புவேன். 22 பிள்ளைகள், சத்தம் அடங்க வேண்டாமா?

போன வருடம் மாற்றிப் பார்த்தேன். சுவரோரமாக நாலு இடம்: மணல், மரக்கட்டை, சமையல் சாமான், படப் புத்தகம். ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து, விளையாடப் போகிற இடத்தில் உள்ள சிரட்டையில் அதைப் போட்டுவிட்டு உட்காரச் சொன்னேன். முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? வாயாடி ஒருத்தி சமையல் சாமானுக்குப் போனாள், அவள் பின்னாலேயே 19 பேர். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. பொங்கல் லீவு முடிந்து வந்த பிறகுதான் கொட்டைகள் பிரிந்து விழ ஆரம்பித்தன.

ஒரு பையன் மட்டும் கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நிற்பான். மூன்று வாரம் நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்வையிட வந்தவர்கள் "இவன் ஏன் சும்மா நிக்கிறான்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாலாவது வாரம் மணலுக்குப் போனான். இப்போது அவனை அங்கிருந்து கிளப்புவதுதான் பாடு.

நரிமேடு தாத்தா (திங்கள், காலை 6.20)

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. சின்ன வயதில் எல்லாவற்றுக்கும் "உனக்கு எது வேணும்" என்று கேட்டு வளர்த்த பிள்ளைகளை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். சோறு வைத்தால் நூடுல்ஸ், நூடுல்ஸ் வைத்தால் தோசை. எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டோம், பெரியவன் சட்டையைச் சின்னவன் போட்டான். யாரும் முடிவெடுக்கத் தெரியாமல் நிற்கவில்லை. 34 வருடம் வங்கியில் கடன் விண்ணப்பங்களுக்கு முடிவு சொன்னவன் நான்.

சிம்மக்கல் டிபன் கடை (திங்கள், காலை 10.48)

காலை வியாபாரம் முடிந்து எழுதுகிறேன். ஐயா, தப்பாக எடுத்துக்காதீங்க, ஏழு பேர் இருக்கிற வீட்டில் யாரோடு சேர்வது, யாரிடம் சண்டை போடுவது, கடைசி முறுக்கை எப்படி அமுக்குவது என்று நாள் முழுக்க முடிவெடுக்கிற வேலைதானே. என் வீட்டில் ஒற்றைப் பிள்ளை. அமுக்குவதற்குக் கூட ஆள் இல்லை.

ஒரு கூத்து சொல்கிறேன். மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது "இட்லியா தோசையா?" என்றால் "தோசை" என்பாள். நம்ம பிள்ளை தோசைப் பிரியை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் வாய் தவறி "தோசையா இட்லியா?" என்று கேட்டுவிட்டேன். "இட்லி!" அப்புறம் சோதித்துப் பார்த்தேன். "பாலா குளியலா?" குளியல். "அப்பாவா பூனையா?" பூனை. ("பூனையா அப்பாவா?" என்று மாற்றிக் கேட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன்.)

பிறகு படித்தபோது தெரிந்தது, கலிபோர்னியாவில் இதையே ஆராய்ச்சி செய்து 2019-ல் வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் வாயால் பதில் சொல்லும்போது நூற்றுக்கு 85 தடவை இரண்டாவதாகச் சொன்னதையே சொன்னார்களாம். கடைசியாகக் காதில் விழுந்த சொல்தான் நாக்கில் நிற்கும். பதிலை வாயால் சொல்லாமல் விரலால் காட்டும்போது அந்தச் சாய்வு இல்லை. அதனால் சின்னப் பிள்ளைகளிடம் பொருளைக் கையில் பிடித்துக் காட்டிக் கேளுங்கள். நான் இப்போது இட்லியையும் தோசையையும் தட்டில் வைத்தே கேட்கிறேன். கடைக்காரன், எனக்கு அந்த வசதி உண்டு.

வார்டு நர்ஸ் (திங்கள், மாலை 4.30)

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். நான் பார்க்கிற வரைக்கும் சிக்கல் நம்ம தமிழிலேயே இருக்கிறது. கட்டளையைக் கேள்வி மாதிரி சொல்கிற பழக்கம் நமக்கு. "குளிக்கலாமா?", "கிளம்பலாமா?", "மருந்து குடிப்போமா?" பாசமாகத்தான் சொல்கிறோம். பெரியவர்களுக்கு அது "வா" என்பதற்கு இன்னொரு பேர் என்று புரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது நிஜமான கேள்வி. "வேணாம்" என்று நிஜமான பதிலைச் சொல்கிறது. உடனே வாயைப் பிடித்து மருந்தை ஊற்றுகிறோம். நம்மைக் கேட்பார்கள், ஆனால் நாம் சொல்வது எடுபடாது, இதுதான் அன்று அது படித்துக்கொண்ட பாடம்.

தேர்வு இல்லாத இடத்தில் கேட்காதீர்கள். "மருந்து குடிக்கிற நேரம். டம்ளரில் குடிக்கிறியா, ஸ்பூன்ல குடிக்கிறியா?" ஊசி போட்டே ஆக வேண்டும், எந்தக் கை என்பதை அவர்கள் சொல்லட்டும். வண்டியில் போகும்போதும் அப்படித்தான். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022-லேயே விதி போட்டாச்சு. ஹெல்மெட் போடுறியா என்று கேட்கவே கூடாது. சிவப்பா நீலமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விருந்தாளிகள் வந்ததும் கேட்பார்களே, "உனக்கு அம்மா பிடிக்குமா அப்பா பிடிக்குமா?" என்று. அதை மட்டும் யாராவது தடை செய்தால் கோயிலில் தேங்காய் உடைக்கிறேன்.

வைகைக்கரை அம்மா (திங்கள், இரவு 9.15)

நர்ஸ் அக்கா, இன்று ஒரு நாள் முழுக்க என் வாயை நானே கவனித்தேன். காலை எட்டு மணிக்குள் 11 "லாமா". அதில் உண்மையான கேள்வி ஒன்றுகூட இல்லை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கே.கே. நகர் ஆன்ட்டி (செவ்வாய், மதியம் 2.10)

மாண்டிசோரி முறையில் பயிற்சி எடுத்து சின்னதாக ஒரு பள்ளி நடத்துகிறேன். மரியா மாண்டிசோரிக்கும் நம்ம பக்கத்துக்கும் உறவு உண்டு. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் வந்துவிட்டதால் திரும்பிப் போக முடியாமல் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்தார். இங்கிருந்து பஸ் ஏறினால் நாலு மணி நேரம்.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் தாங்களே வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றதும் "இஷ்டத்துக்கு விட்டுருவீங்களா?" என்பார்கள். அப்படி இல்லை. அலமாரியில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அடுத்தவன் எடுத்திருந்தால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு எடுக்க வேண்டும். ஆசிரியை செய்து காட்டாத பொருளை எடுக்க முடியாது. எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். வேலி இருக்கிறது, வேலிக்குள் அவன் ராஜா.

வயது விஷயம் முக்கியம். மூன்று வயதுப் பிள்ளையிடம் சிவப்பு, நீலப் பொத்தான்களை நிறவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள், செய்வான். நடுவில் "இப்போ வட்டம் தனி, சதுரம் தனி" என்று விதியை மாற்றினால், விதியை வாயால் சரியாகச் சொல்லிக்கொண்டே கை பழையபடி நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கும். ஐந்து வயதில் பெரும்பாலும் மாறிவிடுவார்கள். ஒன்றை விட்டு இன்னொன்றை நினைக்கிற அந்தத் திறமை மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் வேகமாக வளர்கிறது. உங்கள் மகன் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் தவித்தது அடம் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துப் பார்க்க முயற்சி செய்திருக்கிறான், கைக்கு அடங்கவில்லை.

நரிமேடு ஐயாவுக்கு: சாப்பாட்டில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஒரு பங்கீடு சொல்வார். என்ன சமையல், எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் முடிவு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. சோறு வைத்தால் சோறுதான், நூடுல்ஸ் கிடையாது. ஆனால் "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று காக்காய் காட்டித் திணிப்பதும் கிடையாது.

நரிமேடு தாத்தா (செவ்வாய், மதியம் 3.02)

காக்காய் காட்டுவது என் மனைவியின் இலாகா. வாசித்துக் காட்டினேன். பதில் இல்லை.

தல்லாகுளத்து அப்பா (திங்கள், காலை 8.40)

ஒரு வாரம் கழித்து இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன். வீட்டில் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை அன்று மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். ஐந்து வயது. இங்கே வாசித்த தைரியத்தில் 50 ரூபாயைக் கையில் கொடுத்து, "ஒரே ஒரு சாமான். நீயே வாங்கிக்க. அதோட முடிஞ்சது" என்று சொல்லியிருந்தேன். ஒப்பந்தம் தெளிவு. அவளும் அசத்திவிட்டாள். ஊதல், மர வண்டி, தண்ணீர் பீய்ச்சுகிற துருத்தி எல்லாவற்றையும் பார்த்து, திரும்ப வந்து, யோசித்து, மீன் மாதிரி ஒரு பெரிய பலூன் வாங்கினாள். கோரிப்பாளையம் வருவதற்குள் கூட்டத்தில் அழகருக்கு யாரோ சர்க்கரைச் செம்பில் ஏற்றி வந்த தீபம் பட்டு, டமார்.

அவள் அழுத அழுகையில் அழகரே திரும்பிப் பார்த்திருப்பார். எங்கள் அம்மா "அம்பது ரூபாய்தானடா, இன்னொண்ணு வாங்கிக் குடு" என்கிறார். நான் முடியாது என்றேன். சொன்னால் சொன்னதுதான், முடிவெடுத்தால் அதன் பலனையும் அனுபவிக்கணும் என்பதுதானே பாடம்? அம்மா அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நரிமேடு தாத்தா (திங்கள், காலை 8.55)

தம்பி செய்தது நூறு சதவீதம் சரி.

சிம்மக்கல் டிபன் கடை (திங்கள், காலை 11.20)

எனக்கு மனசு கேட்கவில்லை. நானாக இருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பேன். சரி தப்பு தெரியாது, திருவிழா அன்னிக்குப் பிள்ளை அழக் கூடாது.

மேலூர் டீச்சரம்மா (திங்கள், மாலை 5.45)

தம்பி, ஒன்று கேட்கிறேன். பலூன் வெடித்தது அவள் முடிவில் இருந்த தப்பா?

நாலு கடை பார்த்தாள், யோசித்தாள், பிடித்ததை எடுத்தாள். ஐந்து வயதில் இதைவிட நல்ல முடிவு கிடையாது. வெடித்தது கூட்டம் செய்த வேலை. அதே பலூனை நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தாலும் வெடித்திருக்கும். அடுத்த வருடம் அவள் திரும்பப் பலூனே கேட்டாலும் அது முட்டாள்தனம் இல்லை. இதை "உன் முடிவின் பலன்" என்று சொன்னால் அவள் கற்றுக்கொள்வது என்ன? கெட்டது நடந்தால் நாம் தேர்ந்தெடுத்ததே தப்பு என்று. அப்புறம் அடுத்த கடையில் கையை நீட்ட பயப்படுவாள். வைகைக்கரை அம்மா 31 வயதில் வீடியோ கால் போடுகிறார் இல்லையா, அது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இன்னொன்று வாங்கிக் கொடுத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் வாங்கிக் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் வேறு. நீங்கள் சொன்ன சொல் நிற்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான், தண்டனை இல்லை. மடியில் வைத்துக்கொண்டு "ஆமா, நல்ல பலூன், போயிருச்சு" என்று கூட அழுதிருந்தால் போதும்.

கே.கே. நகர் ஆன்ட்டி (திங்கள், இரவு 8.30)

சொல் நிற்பதைப் பற்றி டீச்சரம்மா சொன்னதற்கு ஒரு ஆராய்ச்சியே இருக்கிறது. மிட்டாயைத் தட்டில் வைத்துவிட்டு, "நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு" என்று சொல்லிவிட்டுப் போகிற சோதனையைப் பல பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காத்திருந்த பிள்ளைகள் வாழ்க்கையில் மேலே வந்தார்கள் என்று சொல்வார்கள். பெரிய அளவில் திரும்பச் செய்து 2018-ல் வெளியிட்டபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு ரொம்பவே சுருங்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ராச்செஸ்டரில் செய்து 2013-ல் வெளியிட்ட இன்னொரு சோதனை. 28 பிள்ளைகள், 3 முதல் 5 வயது. மிட்டாய்க்கு முன்னாலேயே பாதிப் பேரிடம் "நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம் அதையே சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு மிட்டாய். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாறாதவர்கள் 12 நிமிடம். ஏமாந்தவன் சீக்கிரம் தின்றது பேராசையால் இல்லை, பெரியவர்களைக் கணக்குப் போட்டுத்தான். சரியான கணக்கு.

தல்லாகுளத்து அப்பா (செவ்வாய், காலை 7.10)

டீச்சரம்மா, நான் அவளிடம் "நான்தான் அப்பவே ஊதல் வாங்குன்னு சொன்னேன்ல" என்றும் சொல்லியிருந்தேன். அதை இங்கே எழுதாமல் மறைத்துவிட்டேன். ராத்திரி அவளிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் மறந்தே போயிருந்தாள். அம்மா மறக்கவில்லை.

ஒரு பக்க விளைவு. அழகர் என்ன கலர் பட்டு உடுத்துவார் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, பட்டர் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விட்டு எந்தப் பட்டு வருகிறதோ அதைத்தான் சாத்துவார் என்று சொல்வார்கள் என்றேன். இப்போது தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு பீரோவுக்குள் கையை விடுகிறாள். நேற்று குளிர்காலத் தொப்பி வந்தது. போட்டுக்கொண்டுதான் போனாள்.

வார்டு நர்ஸ் (செவ்வாய், காலை 7.25)

விடுங்க அண்ணே. இரண்டுமே சமம் என்றால் குலுக்கிப் போட்டு எடுப்பதும் ஒரு முடிவுதான். அரை மணி நேரம் உடுப்பு முன்னால் நிற்காமல் கிளம்பினாளே.

நரிமேடு தாத்தா (வியாழன், மாலை 6.40)

பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். ஐந்தரை வயது. பரணில் கிடந்த பல்லாங்குழியை இறக்கினேன். 14 குழி, முறைப்படி ஐந்து ஐந்து கொட்டை. அவளுக்கு எண்ணிக்கை தப்பும் என்று மூன்று மூன்றாகப் போட்டேன்.

இரண்டு நாள் அவள் எப்போதும் இடது ஓரக் குழியிலிருந்தே எடுப்பாள். வெறுங்குழியில் போய் முடியும், எனக்குத்தான் லாபம். பக்கத்தில் உட்கார்ந்து என் மனைவி "அத எடுக்காதடி, மூணாவத எடு, பசு விழும்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பாள் (ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அது பசு). இங்கே எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்து, "நீ கொஞ்சம் வாயை மூடு" என்றேன். 41 வருடத்தில் இந்த வார்த்தையைச் சொன்னது இரண்டாவது தடவை.

இன்று மத்தியானம் குழந்தை ஒரு குழியில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. விரலால் காற்றிலேயே ஒவ்வொரு குழியாக எண்ணிக்கொண்டு போனாள். கையை எடுத்து அடுத்த குழியில் வைத்தாள். நான் வெளியே பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன். எட்டு நிமிடம் ஆனது. அப்படியும் தோற்றாள். திரும்ப அடுக்கு தாத்தா என்கிறாள்.

கடன் விண்ணப்பம் பார்க்கும்போது நானும் அப்படித்தான் மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை எங்கே கற்றேன் என்று இதுவரை யோசித்ததில்லை. எங்கள் அப்பத்தா பல்லாங்குழியில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

வைகைக்கரை அம்மா (வைகாசி, ஞாயிறு, இரவு 11.30)

தங்கை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கடமைக்கு அறிக்கை தாக்கல் செய்கிறேன்.

திரும்பவும் கடைக்குப் போனோம். இந்தத் தடவை நான் முன்னாலேயே போய் இரண்டே இரண்டு சட்டையை எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் அவனைக் கூப்பிட்டேன். இரண்டுமே எனக்குச் சம்மதம் உள்ள விலை, சம்மதம் உள்ள துணி. மஞ்சள் ஒரு கையில், நீலம் ஒரு கையில். இரண்டையும் தொட்டுப் பார்த்தான். முகத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டு நிமிடம் இருக்கும், மஞ்சள் என்றான். "சரி, மஞ்சள்" என்று பில் போட அனுப்பினேன். அழுகை இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

முகூர்த்தம் வரைக்கும் மஞ்சள் சட்டையில் ராஜா மாதிரி சுற்றினான். பந்திக்குப் போகும் நேரம் பார்த்து "எனக்கு நீலம் வேணும்" என்று ஆரம்பித்தான். நான் தயாராக இருந்தேன். குனிந்து, நிதானமாக, "நீ மஞ்சள் எடுத்த. நீலம் கடையிலேயே இருக்கு" என்றேன். டீச்சரம்மா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து நீலச் சட்டையை வெளியே எடுத்தார். அன்றைக்கே எனக்குத் தெரியாமல் அதையும் வாங்கியிருக்கிறார். "எதுக்கும் இருக்கட்டுமேன்னு" என்கிறார். அத்தை பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார்.

பையன் மஞ்சளைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. அதன் மேலேயே நீலத்தையும் மாட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, இந்த வெயிலில், வேர்க்க வேர்க்கப் பாயசம் குடித்தான்.

மேலூர் டீச்சரம்மா (வைகாசி, ஞாயிறு, இரவு 11.52)

வீட்டுக்காரருக்கு ஒரு புளியங்கொட்டை அனுப்பி வைக்கட்டுமா?